பெங்களூரிலிருந்து கொங்கு நாட்டுக்குக் குடிபெயர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்ட கோவை, ஈரோடு, திருப்பூர்க் குடும்பங்கள் பலவற்றில், ஊருக்கே திரும்பிவிட்டால் என்ன என்ற பேச்சு ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எழுகிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் வாடகையில் தொடங்கி வாடகையிலேயே முடிகிறது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் கொடுக்கும் வாடகையையும் கோவை சரவணம்பட்டியில் கேட்கும் வாடகையையும் கழித்து, மிச்சத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, அதையே ஆண்டுச் சேமிப்பு என்று எழுதிக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கில் வராத செலவுகளும், பின்னால் திருத்த முடியாத முடிவுகளும்தான் மாறிய குடும்பங்களைத் துன்புறுத்துகின்றன.

முதலில், மாநிலம் மாறினால் வரி குறையும் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்கு மாறிய உறவினர் ஒருவர், அங்கே மாநில வருமான வரியே இல்லை என்று சொல்லியிருப்பார்; அது அந்த நாட்டு நடைமுறை. இந்தியாவில் சம்பளத்தின் மீதான வருமான வரி மத்திய அரசுக்குரியது என்பதால், பெங்களூரில் இருந்தாலும் பெருந்துறையில் இருந்தாலும் அது ஒன்றுதான். தொழில் வரி மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அதற்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு என்று அரசியல் சட்டமே வரையறுத்திருக்கிறது. ஆகவே சம்பளச் சீட்டில் இந்த மாற்றம் எதையும் மிச்சப்படுத்தாது. மிச்சமாவதெல்லாம் வீடு, பள்ளி, போக்குவரத்து, வீட்டு வேலைக்கு ஆள் ஆகிய செலவுகளில்தான் மிச்சமாக வேண்டும்.

இச்செலவுகளும் கொங்கு நாடு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ரேஸ் கோர்ஸிலோ ஆர்.எஸ். புரத்திலோ வீடு பார்ப்பவருக்குப் பெங்களூருக்கும் கோவைக்கும் உள்ள இடைவெளி, கோபியிலோ பொள்ளாச்சியிலோ பார்ப்பவருக்கு இருக்கும் அளவு இருக்காது. தட்பவெப்பமும் கணக்கில் சேர வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவையைக் குளிர்விப்பதைப் போல ஈரோட்டையும் கரூரையும் குளிர்விப்பதில்லை. பெங்களூரில் மின்விசிறியோடு கோடையைக் கடத்திய குடும்பம் ஈரோட்டில் இரண்டு அறைகளுக்கு ஏசி வாங்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த யூனிட் பிரிவுகளுக்கான சலுகைக் கட்டணத்தில் ஒரு பகுதி போய்விடும். கர்நாடகத்தில் 2023 ஜூலையிலிருந்து கிடைத்துவரும் மாதம் 200 யூனிட் வரையிலான இலவச மின்சாரத்துக்குப் பழகியவர்கள் இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே கணக்கிடுவது நல்லது.

தண்ணீரைப் பற்றி விசாரிக்காமல் வீடு பிடிப்பது இவற்றைவிடப் பெரிய தவறு. கோவையில் சிறுவாணித் தண்ணீர் என்ற பெயரைக் கேட்டதும் மற்றதை விசாரிக்காமல் முன்பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிறுவாணி அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் அங்கிருந்து வரும் அளவு குறைகிறது. நகரின் பல பகுதிகளுக்கு வருவது பவானி ஆற்றின் பில்லூர்த் தண்ணீர். 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர், வடவள்ளி போன்ற பகுதிகளில் தெருவுக்குத் தெரு நிலைமை வேறு. ஆகவே வீட்டுக்காரரிடம் கேட்பதோடு நிற்காமல், அதே தெருவில் குடியிருக்கும் இரண்டு வீட்டாரிடம், நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, போர்வெல்லில் எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது, அது எந்த அளவுக்கு உப்பாக இருக்கிறது, சித்திரை வைகாசியில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். வீடு பார்க்கச் சரியான காலமும் அந்தக் கோடைதான். ஐப்பசி மழையில் பார்த்தால் எந்தத் தெருவும் குறையில்லாததாகவே தோன்றும்.

மலிவாகக் கிடைக்கும் இடங்களைப் பொறுத்தவரை எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. திருப்பூருக்குக் கீழே நொய்யல் கரையோர நிலத்தடி நீரைச் சாயக் கழிவு பல ஆண்டுகளாகக் கெடுத்திருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி நின்றது. கழிவு வெளியேற்றத்தை நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அதற்குப் பின் நிலைமை மாறியிருந்தாலும், கெட்டுப்போன நிலத்தடி நீர் சில ஆண்டுகளில் சீராகிவிடுவதில்லை. அப்பகுதியிலோ பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியோ குறைந்த விலைக்கு மனை வந்தால், கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதித்த பிறகே பேச்சைத் தொடர வேண்டும்.

வேலையைப் பற்றிய தவறு வேறு வகையானது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பிக் குடும்பத்தோடு இடம் மாறுகிறார்கள். மேலாளர் மாறினாலோ நிறுவனத்தின் கொள்கை மாறினாலோ, வாரத்தில் மூன்று நாள் அலுவலகத்துக்கு வரச் சொல்லும் மின்னஞ்சல் வந்து சேரும். கோவைக்கும் பெங்களூருக்கும் இடையே ஏறத்தாழ 360 கிலோமீட்டர். உதய் எக்ஸ்பிரஸும், 2023 டிசம்பர் இறுதியில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலும் பயணத்தை எளிதாக்கியிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் வாரந்தோறும் போய்வரும் கட்டணமும், பெங்களூரில் தங்கும் விடுதிச் செலவும் சேர்ந்தால் வாடகையில் மிச்சமானதில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். பணியிடம் கோவை என்று எழுத்தில் கிடைத்த ஆணையும், ஊருக்கேற்பச் சம்பளத்தைக் குறைக்கும் வழக்கம் அந்நிறுவனத்தில் உண்டா என்ற தகவலும் கைக்கு வந்த பிறகே வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலையை விட்டுவிட்டு கோவையின் ஐ.டி. பகுதிகளான விளாங்குறிச்சியிலோ கீரணத்தத்திலோ புதிய வேலை தேட நினைப்பவர்கள், பழைய நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் முடிந்தனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். நிரந்தரப் பணியில் இருப்பவர் சில மாதங்கள் முன்னதாக விலகினால் பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) தகுதியையே இழக்க நேரலாம்.

குழந்தைகளின் படிப்பில்தான் இந்த முடிவின் கனம் முழுவதும் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்குப் பள்ளித் தமிழ் தானாக வந்துவிடும் என்று பெற்றோர் நினைப்பது, நான் மீண்டும் மீண்டும் காணும் தவறு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அது படிப்படியாக சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பெங்களூரில் கன்னடமும் இந்தியும் படித்து ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளை, எட்டாம் வகுப்பில் செய்யுளையும் இலக்கணத்தையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளை வகுப்பில் ஒடுங்கிப்போவதைப் பெற்றோர் வாடகைக் கணக்கில் காண முடியாது. மாறுவதற்கு ஓராண்டு முன்பே தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குவதும், முடிந்தால் பிள்ளை தொடக்கப் பள்ளியில் இருக்கும்போதே மாறிவிடுவதும் இதற்கு வழி.

உயர்கல்விக்கான தகுதி விதிகளையும் இப்போதே படித்துவிட வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கேயே படித்தவர்கள் பிறப்பிடச் சான்றிதழ் தர வேண்டியதில்லை. வெளியில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைத் தர வேண்டும். மருத்துவப் படிப்புக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே பார்க்கிறார்கள். கர்நாடகமோ பொதுவாகத் தன் மாநிலத்தில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. பதினோராம் வகுப்பின் நடுவில் மாறும் பிள்ளைக்குப் பாடத்திட்டமும் மாறும், எந்த மாநிலத்து இடத்துக்கு உரியவர் என்ற குழப்பமும் கூடவே வரும். சாதிச் சான்றிதழும் பிறப்பிடச் சான்றிதழும் பெற, தாய் தந்தையரின் பள்ளிச் சான்றுகளும் சொந்த ஊர் முகவரி ஆவணங்களும் தேவைப்படும். கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவதைவிட, வந்து குடியேறிய முதல் ஆண்டிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடலாம்.

அடுத்தது, பெங்களூர் அடுக்ககத்தை விற்ற கையோடு ஊரில் பூமி வாங்கும் அவசரம். நம் பக்கத்து மக்களுக்கு மண்ணின் மேல் இருக்கும் பற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பற்று வரிச் சட்டத்துக்குத் தெரியாது. வீட்டை விற்ற ஆதாயத்துக்கு வரிவிலக்கு வேண்டுமென்றால் அந்த ஆதாயத்தைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்க வேண்டும், அல்லது மூன்று ஆண்டுகளுக்குள் வீடு கட்டி முடிக்க வேண்டும். தோட்டமோ வெறும் சைட்டோ வாங்கிப் போட்டுவிட்டு இருந்தால் அந்த விலக்கு கிடைக்காது. பத்திரச் செலவும் இங்கே அதிகம்: மனைக்கோ பழைய வீட்டுக்கோ தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9 விழுக்காடு. கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் இறுதியில் பதிவுக் கட்டணம் இரட்டிப்பான பிறகும் மொத்தம் 8 விழுக்காட்டைத் தொடவில்லை. அறுபது இலட்சம் ரூபாய் மனைக்கு ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் பத்திரச் செலவு என்பது, பலருடைய இரண்டு மூன்று ஆண்டு வாடகைச் சேமிப்புக்குச் சமம்.

மனையின் ஒப்புதலிலும் கவனம் வேண்டும். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லைக் கேட்டு நிறைவடைந்துவிடக் கூடாது. ஒப்புதலில்லா மனைகளை வரன்முறைப்படுத்துவதற்கு வரம்பான 2016 அக்டோபர் 20க்கு முன் மனையாக விற்றுப் பதிவானதா, பிறகு வரன்முறைப்படுத்தப்பட்டதா, நகர் ஊரமைப்பு இயக்கக ஒப்புதல் எண் என்ன, வில்லங்கச் சான்றில் முப்பது ஆண்டுகளுக்கு என்ன இருக்கிறது, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பனவற்றை உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்க வேண்டும். விற்பவர் உறவினரே ஆனாலும் இதை விட்டுவிடக் கூடாது.

கார், இருசக்கர வாகனம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கர்நாடகப் பதிவெண் வண்டியைத் தமிழ்நாட்டில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் பழைய போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும், கடன் இருந்தால் வங்கியின் இசைவும், வண்டியின் வயதுக்கேற்ற வரியும் தேவை. கர்நாடகத்தில் கட்டிய ஆயுள்கால வரியில் மீதியைத் திரும்பப் பெறத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். புது வண்டி வாங்க எண்ணியிருந்தால் இடம் மாறிய பிறகு வாங்குவதே சரி.

உறவினர் அருகில் வருவதால் கூடும் செலவைப் பலர் சொல்லத் தயங்குகிறார்கள். பெங்களூரில் இருந்தவரை ஆண்டுக்கு இரண்டு கல்யாணத்துக்கு வந்தால் போதும். ஊருக்கு வந்த பிறகு சீர், மொய், கோயில் நோம்பி, காதுகுத்து, புதுவீட்டு விசேஷம் என்று ஒவ்வொரு முகூர்த்த மாதமும் கை நீள வேண்டும். வீட்டுக்கு ஒரம்பரை (விருந்தாளிகள்) வருவதும் கூடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வயதான தாய் தந்தையரை மருத்துவமனைக்குக் கூட்டிச்செல்ல ஆள் இருப்பதும், பேரக்குழந்தைகள் அவர்கள் மடியில் வளர்வதும் எந்த வாடகைச் சேமிப்பைவிடவும் பெரியவை என்றே நம்புகிறேன். பெற்றோருக்காக வருகிறோம் என்றால் அதை வெளிப்படையாகவே பேசி, பணம் மிச்சமாகாவிட்டாலும் வருவோமா என்று கணவன் மனைவி இருவரும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். குறிப்பாக, வேலையை விட வேண்டியவர் மனைவியாக இருந்தால், அந்தச் சம்பளத்தையும் கணக்கில் எழுதியே பேச வேண்டும்.

என் கருத்தில், முதல் ஆண்டு எதையும் விற்காமலும் வாங்காமலும் இருப்பதே பாதுகாப்பு. பெங்களூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, இங்கே வாடகை வீட்டில் இரண்டு கோடையைப் பார்த்துவிடலாம். அங்கே வாடகைக்கு இருப்பவர்கள், ஒப்பந்தத்தில் உள்ள அறிவிப்புக் காலத்தையும், பெயின்டிங் செலவு என்று முன்பணத்தில் பிடித்துக்கொள்ளும் தொகையையும் முன்னதாகவே பேசி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், வாகனத் தடையில்லாச் சான்று, ரேஷன் அட்டையில் பெயர் நீக்கிய சான்று ஆகிய மூன்றையும் லாரியில் சாமான் ஏற்றுவதற்கு முன்பே வாங்கிவிட்டால், இவற்றுக்காக மீண்டும் பெங்களூருக்கு விடுப்பெடுத்துப் போக வேண்டியிருக்காது.