ஓக் குரோவ் பூங்காவில் டிஸ்க் கோல்ஃப்: முதல் சுற்றை ஆடும் முறை

தெற்குக் கலிபோர்னியாவில் பாசடீனா நகரின் வடமேற்கு ஓரத்தில், டெவில்ஸ் கேட் அணைக்கு மேற்புறமாக, ஓக் மரங்கள் அடர்ந்த ஹஹமோங்னா பூங்கா இருக்கிறது. அங்குள்ள டிஸ்க் கோல்ஃப் ஆடுகளத்துக்கு இன்றும் பூங்காவின் பழைய பெயரான ஓக் குரோவ் என்பதே வழக்கில் உள்ளது. பூங்காவின் வட எல்லையில், செவ்வாய்க்கு ஊர்திகளை அனுப்பும் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் நிற்கிறது. தட்டை எறிந்து இலக்கில் சேர்க்கும் ஆட்டமான டிஸ்க் கோல்ஃபுக்கு உலகின் முதல் நிரந்தர ஆடுகளம் 1975ஆம் ஆண்டில் இங்கேதான் அமைந்தது. அதை அமைத்த எட் ஹெட்ரிக், அதற்கு முன்பு வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றி, ஃபிரிஸ்பீ எனப்படும் பறக்கும் பிளாஸ்டிக் தட்டின் மேற்பரப்பில் வளையக் கோடுகளைச் சேர்த்து அதை நிலையாகப் பறக்க வைத்தவர். தொடக்கத்தில் வெறும் கம்பங்களே இலக்குகளாக இருந்தன. தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் ஓயாததால், சங்கிலிகள் தொங்கும் கூடையை அவரே பின்னர் வடிவமைத்தார். 2002ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின், அவர் விருப்பப்படியே அவருடைய அஸ்தியில் ஒரு பகுதி தட்டுகளுக்குள் வார்க்கப்பட்டது.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. டீ எனப்படும் தொடக்க மேடையிலிருந்து தட்டை எறிய வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். கூடைக்குள் தங்கும்வரை எத்தனை முறை எறிந்தோம் என்பதே அந்தக் குழிக்கான கணக்கு. கோல்ஃபில் இருந்து வந்த பழக்கத்தால், கூடையாக இருந்தாலும் அதைக் குழி என்றே சொல்கிறார்கள். பெரும்பாலான ஆடுகளங்களில் 9 அல்லது 18 குழிகள் இருக்கும். குறைவாக எறிந்தவரே வென்றவர். பொதுப் பூங்காக்களில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. சான் டியேகோவின் மோர்லி ஃபீல்டு போன்ற சில இடங்களில் மட்டும் ஒரு சுற்றுக்குச் சிறு தொகை வாங்குகிறார்கள்.

முதலில் வாங்க வேண்டியவை இரண்டே தட்டுகள்: கூடைக்கு அருகில் எறிவதற்கான ஒரு பட்டர், நடுத்தூரத்துக்கான ஒரு மிட்ரேஞ்ச். கடையில் சுவர் முழுக்க அடுக்கியிருக்கும், நெடுந்தூர எறிக்கான டிரைவர் தட்டுகளின் கூர்மையான விளிம்பும், அவை வெகுதூரம் பறக்கும் என்ற பேச்சும் புதியவரை ஈர்க்கும். தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள். தட்டின் மேல் நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்: வேகம், மிதப்பு, திருப்பம் (வேகமாகச் செல்லும்போது ஒரு பக்கம் திரும்பும் அளவு), இறுதிச் சரிவு (வேகம் குறைந்ததும் மறுபக்கம் சாயும் அளவு). டெஸ்ட்ராயர் என்ற புகழ்பெற்ற டிரைவரின் வேக எண் 12. அந்த எண், தட்டு தானாகச் செல்லும் வேகத்தைக் குறிப்பதன்று. அது சரியாகப் பறக்க எறிபவரின் கை எவ்வளவு வேகம் தர வேண்டும் என்பதைக் குறிக்கிறது. அந்த வேகம் கிடைக்காதபோது, டிரைவர் எறிந்த சில நொடிகளிலேயே இடப்பக்கம் சாய்ந்து தரையில் மோதும். வேக எண் 2 உள்ள அவியார் போன்ற பட்டரும், 5 உள்ள பஸ் போன்ற மிட்ரேஞ்சும் மெதுவான கைக்கும் நேராகப் பறக்கும். எடை 150 முதல் 165 கிராமுக்குள் இருந்தால் போதும். சாதாரண பிளாஸ்டிக்கில் செய்தவை பத்து டாலர் அளவில் கிடைக்கும். விலை உயர்ந்தவற்றைவிட அவை கையில் நன்றாகப் பிடிக்கும்.

பட்டர் கூடைக்கு அருகில் மட்டுமே பயன்படும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2021ஆம் ஆண்டு யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில், ஒரு எறி பின்தங்கி இருந்த ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தூரத்திலிருந்து நேராகக் கூடைக்குள் எறிந்து பால் மெக்பெத்தைச் சமன் செய்தார். பின்னர் நடந்த கூடுதல் ஆட்டத்தில் பட்டத்தையும் வென்றார். அவர் கையில் இருந்தது ஒரு பட்டர்.

வலக்கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுசென்று வெளிப்புறமாக வீசி எறிந்தால் தட்டு ஏன் கடைசியில் இடப்பக்கமே சரிகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் இலக்கு பார்ப்பதே அதைப் பொறுத்ததுதான். மேலிருந்து பார்த்தால் அந்தத் தட்டு கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. வேகம் குறையக் குறைய, காற்று தட்டைத் தூக்கும் புள்ளி அதன் நடுவிலிருந்து முன்விளிம்பை நோக்கி நகர்ந்து மூக்கை, அதாவது அந்த முன்விளிம்பை, மேலே தள்ளப் பார்க்கிறது; ஆனால் சுழலும் பொருள், தள்ளும் விசைக்கு நேராக இணங்காமல், சுழற்சியின் போக்கில் கால்வட்டம் தள்ளியே இணங்கும். ஆகவே மூக்கு உயர்வதற்குப் பதிலாகத் தட்டு இடப்பக்கம் சாய்கிறது. இடக்கைக்காரருக்கும், ஃபோர்ஹேண்டில், அதாவது உடலின் பக்கவாட்டிலிருந்து உள்ளங்கை முன்னோக்க வீசி எறியும் வலக்கைக்காரருக்கும் இது அப்படியே மாறி வலப்பக்கம் சாயும். எனவே கூடைக்கு நேரே குறிபார்க்காமல், அதற்குச் சற்று வலப்பக்கம் எறிந்து, கடைசிச் சரிவில் தட்டு கூடையை நோக்கி வருமாறு விட வேண்டும்.

இனி எறியும் முறை. ஓடிவந்து எறிவதைப் பல மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள். நின்ற இடத்திலிருந்தே தொடங்குங்கள். வலத் தோள் இலக்கை நோக்கி இருக்கட்டும். கால்கள் தோளகலம் விலகி, முழங்கால்கள் சிறிது மடங்கி இருக்கட்டும். கட்டைவிரல் தட்டின் மேற்பரப்பில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே படிய வேண்டும். சுட்டுவிரல் விளிம்பின் உட்புறத்தைக் கொக்கி போலப் பற்ற, மற்ற மூன்று விரல்களும் அடியில் விசிறியாக விரிந்திருக்க வேண்டும். தட்டை உடலின் பின்புறம் நேர்கோட்டில் கொண்டுசென்று, மார்புக்கு அருகாக அதே கோட்டில் இழுத்து வாருங்கள். முழங்கை முன்னே வர, மணிக்கட்டு கடைசியாகத் திறக்க வேண்டும். எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு மாறிய பிறகே கை வீச்சு வர வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் தோள்மூட்டு வலிக்கத் தொடங்கும்.

என் அக்கா மகளுக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் நாளில் அவள் எறிந்த ஒவ்வொரு தட்டும் ஓக் கிளைகளின் உயரத்துக்கு எழும்பி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, இடப்பக்கமாகச் சரிந்து விழுந்தது. “மாமா, நான் தாழ்வாகத்தான் எறியுறேன், அதுவா மேலே போகுது” என்றாள். அவள் சொன்னது உண்மை. கை தாழ்வாகத்தான் சென்றது. ஆனால் விடும் நொடியில் தட்டின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது. அடியிலிருந்த விரல்களின் அழுத்தம் அதிகமாகவும் கட்டைவிரலின் அழுத்தம் குறைவாகவும் இருந்ததே காரணம். செம்பைச் சாய்த்துத் தண்ணீர் வார்க்கும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக இறங்குமே, அந்த நிலையில் மணிக்கட்டை வைத்து, கட்டைவிரலை அழுத்தி எறியச் சொன்னேன். நான்காவது முறை தட்டு மார்பு உயரத்திலேயே சென்று, அறுபது தப்படி தாண்டிப் புல்லில் வழுக்கி நின்றது. அவள் கூடுதலாக எந்த விசையும் கொடுக்கவில்லை. புதியவர்களின் தூரக் குறைவுக்குப் பெரும்பாலும் இந்த மூக்குக் கோணமே காரணம். கையின் வலிமைக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு.

காற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்க்காற்றில் தட்டு தன் வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் செல்வது போல நடந்துகொள்ளும். அதனால் வலப்பக்கம் திரும்பும் குணம் மிகும். அப்போது இறுதிச் சரிவு எண் அதிகமுள்ள தட்டைத் தாழ்வாக எறியுங்கள். பின்காற்றில் மிதப்பு குறைந்து தட்டு சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் சற்று உயரமாக எறியுங்கள்.

பொதுப் பூங்கா என்பதை எந்த எறிக்கு முன்பும் மறக்கக் கூடாது. ஹஹமோங்னாவில் குழந்தைகளுடன் நடப்பவர்களும், நாயுடன் வருபவர்களும், குதிரையில் செல்பவர்களும் ஆடுகளத்தைக் குறுக்கே கடப்பார்கள். 170 கிராம் எடையுள்ள கெட்டியான தட்டு ஒருவரின் முகத்தில் பட்டால் பல்லோ கண்ணோ போய்விடும். ஆகவே கூடையும் அதற்குச் செல்லும் வழியும் கண்ணுக்குத் தெரியாத குழியில், உடன் ஆடுபவர் ஒருவரை முன்னே அனுப்பிப் பார்க்கச் செய்யுங்கள். நடப்பவர் நின்று வழிவிட்டால் நன்றி சொல்லி எறியலாம். அவர் கவனிக்கவில்லையெனில் காத்திருப்பதே நம் கடமை, ஏனெனில் பூங்கா நமக்கு முன்பே அவருக்கு உரியது. தட்டு தவறி ஆள் இருக்கும் பக்கம் சென்றால், தயங்காமல் “ஃபோர்!” என்று உரக்கக் கத்த வேண்டும்.

டீயின் அருகிலுள்ள பலகையில் குழியின் எண், அடிக்கணக்கில் தூரம், பார் எனப்படும் எதிர்பார்ப்புக் கணக்கு, எல்லைக்கு அப்பாற்பட்ட பகுதி ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். முதல் எறிக்குப் பின், கூடையிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பவரே அடுத்து எறிவார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால், பேச்சில்லாமல் நிற்க வேண்டும். தட்டு விழுந்த இடத்தில், கூடையை நோக்கிய அதன் விளிம்பைத் தொட்டவாறு, மினி எனப்படும் சிறு அடையாளத் தட்டை வைத்துவிட்டு எறிந்த தட்டை எடுத்துக்கொள்ளலாம். அடையாளத்துக்குப் பின்னே 20 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பகுதிக்குள் ஒரு பாதமாவது ஊன்றியிருக்க வேண்டும். தட்டு எல்லைக்கு வெளியே சென்று நின்றால் ஓர் எறி தண்டமாகக் கூடும். காணாமல் போன தட்டைத் தேட மூன்று நிமிடங்கள். கிடைக்கவில்லையெனில் அதற்கும் ஓர் எறி தண்டம் உண்டு.

தேடும்போது புதருக்குள் வெறுங்கையை நீட்டாதீர்கள். இந்தப் பக்கத்து மலையடிவாரங்களில் ரேட்டில் பாம்புகள் உண்டு. ஒரு கொம்பால் தழையை விலக்கிப் பார்த்த பிறகே கை வையுங்கள். ஒரு காம்பில் மூன்று இலைகளாக வளரும் பாய்சன் ஓக் செடியின் எண்ணெய் தோலில் பட்டால் பல நாள்கள் அரிக்கும். அந்த எண்ணெய் தட்டிலும் ஒட்டியிருக்கும் என்பதால், வீடு திரும்பியதும் கைகளோடு தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தட்டின் அடிப்புறத்தில் அழியாத மையால் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவையுங்கள். பிறர் தட்டு கிடைத்தால் அதிலுள்ள எண்ணை அழைப்பது இந்த ஆட்டக்காரர்களிடையே ஊறிப்போன வழக்கம்.

ஒரு சுற்றின் கணக்கு உண்மையில் கூடையைச் சுற்றியுள்ள பத்து மீட்டருக்குள் தீர்மானமாகிறது. இருநூறு அடி எறிவதும் ஓர் எறிதான், ஐந்து மீட்டரில் தவறவிடுவதும் ஓர் எறிதான். வலக்கால் முன்னும் இடக்கால் பின்னுமாக நின்று, எடையைப் பின்காலில் வாங்கி முன்காலுக்கு மாற்றும்போதே கையை நீட்டி, விரல்கள் இலக்கை நோக்கித் திறக்குமாறு தட்டை விடுங்கள். கூடை முழுவதையும் பார்த்து எறியாதீர்கள். நடுக்கம்பத்துக்குச் சற்று வலப்பக்கத்தில், மார்பு உயரத்தில் தொங்கும் சங்கிலியின் ஒற்றைக் கண்ணியைத் தேர்ந்தெடுத்து, தட்டு அதில் படும்வரை அதையே பாருங்கள். சங்கிலிகள் தட்டின் வேகத்தை விழுங்கி அதைக் கீழே உள்ள தட்டத்தில் விடும். கம்பத்தின் இடப்பக்க ஓரத்தில் மெல்லப் பட்ட தட்டு, இடப்பக்கமே சரியும் இயல்பால், பல நேரம் வெளியே வந்துவிடும்.

பத்து மீட்டருக்குள் இருந்து எறிந்தால், விட்ட பிறகு நிலைதடுமாறாமல் நின்று காட்டிய பின்னரே அடையாளத் தட்டைத் தாண்டிச் செல்ல வேண்டும். எறியும் வேகத்தில் முன்னே விழுந்தால் அது விதிமீறல். தட்டு கூடையின் மேல்வளையத்தின் மீது தங்கினால் அது கணக்கில் வராது. சங்கிலியிலோ தட்டத்திலோ தங்கினால்தான் குழி முடிந்தது.

சுற்று முடிந்ததும் பயிற்சிக் கூடையின் முன் கால்மணி நேரம் நில்லுங்கள். நான்கு மீட்டரில் பத்துக்குப் பத்து விழுந்த பிறகு ஒரு தப்படி பின்னே செல்லுங்கள்; இரண்டு தவறினால் மீண்டும் முன்னே வாருங்கள். மிட்ரேஞ்ச் தட்டு காற்றில்லாத நாளில், பெரும்பாலான முறைகள் நேர்கோட்டில் 250 அடியைத் தாண்டத் தொடங்கும்வரை மூன்றாவது தட்டு தேவையில்லை. அந்த நாள் வந்ததும், வேக எண் 6 அல்லது 7 உள்ள லெப்பர்டு போன்ற, டிரைவர்களில் வேகம் குறைந்த வகையான ஃபேர்வே டிரைவர் ஒன்றை வாங்கி, அதையும் முதலில் நின்ற இடத்திலிருந்தே எறிந்து பாருங்கள்.