வின்டேஜ் ஷாம்பெய்ன்: எப்போது திறப்பது என்பதில் நேரும் தவறுகள்

பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில், ஒரே ஆண்டு அறுவடையான திராட்சையிலிருந்து மட்டும் தயாரித்த குமிழி மதுவுக்கே புட்டியின் மேல் அந்த ஆண்டைக் குறிக்க உரிமை உண்டு; அதுவே வின்டேஜ் ஷாம்பெய்ன். புட்டியில் அடைத்தபின் குறைந்தது 3 ஆண்டுகள் கழித்தே அதை விற்க முடியும். கடைக்கு வந்துவிட்டதாலேயே அது குடிக்கும் பக்குவத்தை எட்டிவிட்டதாக எண்ணிவிடுவதுதான் நான் மிகுதியாகக் காணும் தவறு. கடும் வெயில் காய்ந்த 2003இன் மதுவில் புளிப்பு குறைவு, ஆகவே பலவும் விரைவில் முதிர்ந்தன. கூர்மையான புளிப்புடைய 2008இன் மதுவோ, பத்து ஆண்டுகள் கடந்தும் பல புட்டிகளில் மணமும் சுவையும் விரியாமல் இறுக்கமாகவே இருந்தது.

ஆண்டை மட்டும் பார்த்துவிட்டுப் பின்பக்க லேபிளைப் படிக்காமல் விடுவது இதைவிடப் பெரிய பிழை. புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்கச் செய்த ஈஸ்ட் இறந்து கசடாகப் படிகிறது. அந்தக் கசடு உள்ளே இருக்கும்வரை மது காற்றால் கெடாமல், மெல்ல மெல்லப் புதிதாகச் சுட்ட ரொட்டியின் மணத்தை ஏற்கிறது. கசடை நீக்கித் தக்கையை அடைக்கும்போது சிறிது ஆக்சிஜன் உள்ளே நுழைவதால், அன்றுமுதல் அது வேறு வேகத்தில் முதிரத் தொடங்குகிறது. எனவே ஒரே ஆண்டின் மதுவாக இருந்தாலும், முன்பே கசடு நீக்கிய புட்டியும் பல ஆண்டுகள் கழித்து நீக்கிய புட்டியும் சுவையில் ஒன்றல்ல. பொலாஞ்ஜே என்ற ஷாம்பெய்ன் நிறுவனத்தின் ‘ஆர்.டி.’ மதுவின் பெயரே ‘அண்மையில் கசடு நீக்கியது’ என்னும் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம்தான். எல்லா நிறுவனங்களும் கசடு நீக்கிய நாளை லேபிளில் அச்சிடுவதில்லை. அச்சிட்டிருந்தால் அதையே முதலில் படியுங்கள்.

சுவைக்கும்போது உறைகுளிரில் ஊற்றினால் மணம் எழாது. 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் போதும். ஒடுங்கிய நீள்குவளையைவிட, நடுவில் அகன்று வாயில் குறுகும் குவளை நல்லது. முதல் மிடறிலேயே தீர்ப்புச் சொல்லாமல், அரைமணி நேரம் குவளையில் வைத்து மீண்டும் மீண்டும் பருகிப் பாருங்கள். குமிழி குறைந்திருப்பதைக் கெட்டதன் அடையாளமாகக் கொள்ளக் கூடாது, வயதான மதுவில் அது இயல்பே. புளிப்பு தனித்து நின்று பழச்சுவை ஒடுங்கியிருந்தால் மற்ற புட்டிகளைக் காத்து வைக்கலாம். தேன், வறுத்த கொட்டை, காளான் ஆகியவற்றின் மணம் பழச்சுவையோடு சேர்ந்து வந்தால் அதுவே உச்சப் பருவம். பழச்சுவை அடியோடு மறைந்து, வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிளின் வாடை மட்டும் எஞ்சினால் காலம் கடந்துவிட்டது.

புட்டியைச் சேமித்து வைத்த விதத்தைப் புறக்கணித்துவிட்டு ஆண்டைக் குறை சொல்வதும் முறையன்று. பால்டிக் கடலில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 2010இல் மீட்கப்பட்ட 19ஆம் நூற்றாண்டுப் புட்டிகளில் சில இன்னும் பருகத்தக்கவையாக இருந்தன என்றால், சுமார் 50 மீட்டர் ஆழத்தின் குளிரும் இருளுமே அவற்றைக் காத்தன. வெளிச்சம் பட்ட மதுவில் வேகவைத்த முட்டைக்கோஸின் நாற்றம் ஏறிவிடும். நிறமற்ற புட்டியில் வரும் ‘கிரிஸ்டால்’ மதுவைச் சுற்றியுள்ள வண்ணத்தாளைக் குடிக்கும் நாள்வரை பிரிக்காதீர்கள்.