கரைசலின் செறிவைத் துல்லியமாகக் கண்டறிவது எப்படி?

ஒரே பாட்டிலில் இருந்து கரைசலை எடுத்துத் தரம் பார்த்த (செறிவு தெரிந்த இன்னொரு கரைசலோடு வினைபுரியவிட்டு அதன் செறிவைக் கண்டறிந்த) இரண்டு மாணவர்களுக்கு இரண்டு விடை வருகிறதா? கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதற்கு முன், பிப்பெட்டை (குறிப்பிட்ட அளவு கரைசலை எடுக்கும் குழாயை) எதனால் அலசினீர்கள், பியூரெட்டை (அளவுக் கோடுகளும் அடியில் திருகும் உள்ள நீண்ட குழாயை) படிக்கும்போது கண் எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பதில் இருக்கும். இந்த மாதிரித் தவறுகள் ஒவ்வொன்றும் விடையை ஒரு குறிப்பிட்ட பக்கமாகவே இழுக்கும். அந்தத் திசை தெரிந்தால், வந்த விடையைப் பார்த்தே எங்கே சறுக்கினோம் என்று ஊகிக்கலாம். அதனால் ஒவ்வொரு படியிலும் அதைச் சேர்த்தே சொல்கிறேன்.

எடுத்துக்காட்டாக, சுமார் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் சரியான செறிவை ஆக்ஸாலிக் அமிலத்தை வைத்துக் கண்டுபிடிப்போம்.

சோடியம் ஹைட்ராக்சைடையே நேரடியாக எடை போட்டால் என்ன? அது காற்றில் இருக்கும் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தராசு காட்டும் எடை முழுவதும் சோடியம் ஹைட்ராக்சைடு கிடையாது. ஆக்ஸாலிக் அமிலப் படிகம் அப்படி இல்லை; ஒரு மூலக்கூறுக்கு 2 நீர் மூலக்கூறுகளோடு, 126.07 கிராம்/மோல் என்ற மோலார் நிறையோடு, நிலையாக இருக்கும். அதனால் அதை வைத்துத்தான் தொடங்க வேண்டும். இரண்டுமே ஆபத்தான பொருள்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், பிப்பெட்டில் வாய் வைத்து உறிஞ்சவே கூடாது. ரப்பர் பல்ப் பயன்படுத்துங்கள்.

படி 1: திட்டக் கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்)

250 மி.லி. அளவுக்கு 0.05 மோலார் அமிலம் வேண்டுமென்றால் 1.576 கிராம் தேவை. அந்த எண்ணையே பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு படிகமாகப் போட்டு எடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். 1.571 வந்தால் 1.571 என்று எழுதிக்கொள்ளுங்கள், அது போதும். அளந்ததை அப்படியே எழுதுவதுதான் துல்லியம்.

எடை போட்டதைப் பீக்கரில் சிறிது வாலைவடிநீரில் கரைத்து, புனல் வழியாகத் திட்டக் குடுவையில் (கழுத்தில் 250 மி.லி. குறியுள்ள குடுவையில்) ஊற்றுங்கள். பீக்கர், கண்ணாடிக் கோல், புனல் மூன்றையும் இரண்டு மூன்று முறை கழுவி, அந்த நீரையும் குடுவைக்குள் சேர்க்க வேண்டும். குறிக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வந்ததும் நிறுத்தி, மீதியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குறியைத் தாண்டிவிட்டால் உறிஞ்சி எடுத்துச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் நீரோடு அமிலமும் வெளியே வந்துவிடும். திரும்பத்தான் தயாரிக்க வேண்டும். கடைசியில் மூடியிட்டுப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். பலரும் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். கலக்காத குடுவையில் கழுத்துப் பகுதியில் இருப்பது கிட்டத்தட்ட வெறும் நீர்.

படி 2: அலசுவது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பியூரெட்டை அதில் நிரப்பப்போகும் சோடியம் ஹைட்ராக்சைடாலும், பிப்பெட்டை ஆக்ஸாலிக் அமிலத்தாலும் கடைசியாக அலச வேண்டும். கூம்புக் குடுவையை மட்டும் வெறும் வாலைவடிநீரால் அலசினால் போதும்.

பியூரெட்டில் நீர் ஒட்டியிருந்தால் காரம் நீர்த்துப்போகும், அதிகம் செலவாகும், கணக்கில் செறிவு குறைவாக வரும். பிப்பெட்டில் நீர் இருந்தால் அமிலம் குறைவாகப் போகும், விடை கூடுதலாக வரும். கூம்புக் குடுவையில் நீர் இருந்தால்? ஒன்றும் ஆகாது. உள்ளே போன அமிலத்தின் மோல் எண்ணிக்கை மாறவில்லையே! ஆனால் அதே குடுவையை அமிலத்தால் அலசினால், கணக்கில் வராத அமிலம் உள்ளே தங்கி, விடை குறைந்துவிடும்.

பியூரெட்டை நிரப்பியதும் திருகைத் திறந்து வேகமாகக் கொஞ்சம் ஓடவிட்டு, முனையில் காற்றுக் குமிழ் இல்லை என்று உறுதி செய்யுங்கள். குமிழ் நடுவில் வெளியேறினால் அந்த இடத்தை நிரப்பிய கரைசலும் செலவான கணக்கில் ஏறிவிடும். அப்புறம், மேலே வைத்த புனலை எடுத்துவிட வேண்டும். அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் அளவு தவறும்.

படி 3: பிப்பெட்டும் கண் மட்டமும்

25 மி.லி. அமிலத்தைக் கூம்புக் குடுவையில் விடுங்கள். தானாக வடிந்து முடிந்ததும் நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டு எடுத்துவிடுங்கள். நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது. அது தங்கும் என்று கணக்கில் கொண்டுதான் பிப்பெட்டில் குறியிட்டிருக்கிறார்கள்.

பியூரெட்டை 0.05 மி.லி. வரையாவது படிக்கப் பழகுங்கள். நிறமற்ற கரைசலில் பிறைவடிவின் (குழாயில் வளைந்து நிற்கும் மேற்பரப்பின்) அடிமட்டத்தைப் பார்க்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தொடக்க அளவு உயரத்தில் இருப்பதால் பலர் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பார்கள். உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். முடிவு அளவு தாழ்வாக இருப்பதால் மேலேயிருந்து குனிந்து பார்ப்பார்கள், குறைவாகத் தெரியும். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டாமல் ஒன்றாகச் சேர்ந்து, செலவான கன அளவைக் குறைத்துக் காட்டும். கூச்சப்படாமல் ஸ்டூல் மீது ஏறியோ முழங்காலை மடக்கியோ கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

படி 4: முடிவுநிலை

அமிலத்தில் இரண்டு சொட்டுப் பினால்ஃப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) போதும். குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு வையுங்கள். முதல் தடவை பியூரெட்டிலிருந்து காரத்தை வேகமாக விட்டு, நிறம் மாறும் தோராய அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை அதற்கு 2 மி.லி. முன்னால் நிறுத்தி, பிறகு சொட்டுச் சொட்டாக விடுங்கள். இளஞ்சிவப்பு தோன்றி, சுழற்றினால் மறைய இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கிறது என்றால் நெருங்கிவிட்டீர்கள். சுவரில் தெறித்த துளிகளை நீரால் கழுவி உள்ளே இறக்குங்கள். ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மி.லி. என்பதால், திருகை லேசாகத் திறந்து அரைச்சொட்டை முனையில் தொங்கவிட்டு, சுவரில் தொட்டுக் கழுவிவிடவும் பழகுங்கள்.

மிக மங்கலான இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றால் அதுதான் முடிவு. பிறகு நிறம் போனால் பதற வேண்டாம், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் வேலை அது. அடர்ந்த சிவப்பு வந்துவிட்டதா? தாண்டிவிட்டீர்கள், அந்த அளவை விட்டுவிடுங்கள்.

படி 5: கணக்கு

தோராயம் 24.9. அடுத்த மூன்றும் 24.35, 24.30, 24.40 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். 0.1-க்குள் ஒத்துப்போகும் இந்த மூன்றை மட்டும் சராசரி எடுங்கள்: 24.35. தோராய அளவைச் சேர்த்தால் விடை கெட்டுவிடும்.

அமிலத்தின் செறிவு: 1.571 ÷ 126.07 ÷ 0.250 = 0.04985 மோலார். ஒரு மோல் ஆக்ஸாலிக் அமிலத்துக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு தேவை என்பதால் 2-ஆல் பெருக்க மறக்காதீர்கள். 2 × 0.04985 × 25.00 ÷ 24.35 = 0.1024 மோலார். கால்குலேட்டர் காட்டும் எட்டு இலக்கத்தையும் எழுதாதீர்கள். நம் கருவிகளின் துல்லியம் நான்கு இலக்கத்தைத் தாண்டாது.

முடிந்ததும் பியூரெட்டை உடனே கழுவிவிடுங்கள், காரம் காய்ந்தால் கண்ணாடித் திருகு இறுகிக்கொள்ளும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைப் பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக மூடி, செறிவையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். சில நாள் கழித்து அதே பாட்டிலை எடுத்தால், மறுபடியும் தரம் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள்.