குழந்தைகள் பாதுகாப்புக் குழுவை ஊராட்சி நடத்துவது எப்படி: பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

குழந்தைகள் பாதுகாப்புக் குழு உங்கள் ஊராட்சியிலும் இருக்கும். பெரும்பாலும் தீர்மானப் புத்தகத்துக்குள் இருக்கும். தலைவர் பெயர், தலைமையாசிரியர் பெயர், அங்கன்வாடிப் பணியாளர் பெயர், கையெழுத்து, தேதி. அதோடு சரி. ஊராட்சித் தலைவராக இருந்து அந்தக் குழுவை நடத்தியவள் என்ற முறையில், புதிதாகப் பொறுப்புக்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேரூராட்சி, நகராட்சி கவுன்சிலர்களும் படிக்கலாம்; அங்கே வார்டு அளவில் இதே குழு உண்டு.

காவல்துறையும் தொழிலாளர் துறையும் பிள்ளை படிப்பை விட்டு வேலைக்குப் போன பிறகு வருபவர்கள். போவதற்கு முன்பே தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் இருப்பது ஊராட்சி. எந்த வீட்டில் கடன் நெருக்குகிறது, எந்த வீட்டுக்கு வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர் வந்து போகிறார், யார் பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது என்பதெல்லாம் மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. வார்டு உறுப்பினருக்குத் தெரியும். தெரிந்ததை எழுதி வைத்து, உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் சொல்வதுதான் நம் வேலை.

இதை ஆர்வமுள்ள தலைவர் செய்கிற தொண்டு என்று நினைக்கிறார்கள். இல்லை, சட்டக் கடமை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டை உள்ளாட்சி பராமரிக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் பள்ளியில் சேருவதையும், தினமும் வருவதையும், எட்டாம் வகுப்பை முடிப்பதையும் உறுதி செய்ய வேண்டும். புலம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க வேண்டும். தேர்தல் நடக்காமல் ஊராட்சி தனி அலுவலர் கையில் இருந்தாலும் அந்தக் கடமை நிற்பதில்லை.

ஆகவே முதல் வேலை பதிவேடு. நீள நோட்டு ஒன்று போதும். பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்), பள்ளி, வகுப்பு, யாரிடம் வளர்கிறது, பெற்றோர் எங்கே என்ன வேலை. இவற்றோடு கடைசியில் இரண்டு கட்டம் போடுங்கள்: இந்தப் பிள்ளையைக் கடைசியாக நேரில் பார்த்தது யார், எந்தத் தேதியில். என் அனுபவத்தில் அந்த இரண்டு கட்டங்கள்தான் வேலை செய்தன. மற்ற கட்டங்களை அலுவலகத்தில் உட்கார்ந்தே நிரப்பிவிடலாம். இதை நிரப்பத் தெருவில் இறங்க வேண்டும். "மாமா வீட்டுல படிக்குது" என்று மூன்று மாதமாக அதே பதில் வருகிறது, நேரில் பார்த்தவர் யாரும் இல்லை என்றால், அது விசாரிக்க வேண்டிய வீடு.

சட்டம் 14 வயதோடு நிறுத்தினாலும் நீங்கள் 18 வரை எழுதுங்கள். எட்டாவது, பத்தாவது முடித்த பிள்ளைகள்தான் அதிகம் காணாமல் போகிறார்கள்.

தகவலுக்கு எங்கும் அலைய வேண்டாம். அங்கன்வாடியில் குடும்பக் கணக்கெடுப்பு இருக்கிறது. கிராம சுகாதார செவிலியருக்கு எந்த வீட்டில் 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். தலைமையாசிரியரிடம் வருகைப் பதிவு. நூறு நாள் வேலைப் பணித்தளப் பொறுப்பாளருக்கு எந்தக் குடும்பம் சூளைக்குப் போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்பது அத்துப்படி. இவர்களை மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஒன்றாக உட்கார வைத்தாலே பாதி வேலை முடிந்தது. குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடினால் போதும் என்பார்கள். மூன்று மாதம் தரகருக்குத் தாராளமான நேரம்.

குழுவில் பிள்ளைகளின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். ஒரு பையன், ஒரு பெண் என்று வையுங்கள், பேருக்குச் சேர்க்காதீர்கள். பக்கத்து பெஞ்சுக்காரன் ஏன் வரவில்லை என்பது வாத்தியாருக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரியவர்கள் சூழ்ந்த கூட்டத்தில் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். தனியாக, அங்கன்வாடிப் பணியாளரை வைத்துக் கேளுங்கள்.

எந்தக் காலத்தில் அதிகம் விழித்திருக்க வேண்டும்? முழுப் பரீட்சை முடிந்த கையோடு. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளுக்குப் பெண் பிள்ளைகளை ஆள் சேர்க்கிறவர்கள் அப்போதுதான் சுற்றுவார்கள். சில வருடம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று 'சுமங்கலித் திட்டம்' பேசியது நினைவிருக்கும். பெயர் மாறியிருக்கலாம், பேச்சு மாறவில்லை. தென்மாவட்டங்களில் பையன்களை வடக்கே முறுக்கு கம்பெனிக்கு அழைத்துப் போவார்கள். டெல்டாவில் ஆட்டுக்கிடை போடுபவர்களிடமும் வாத்து மேய்ப்பவர்களிடமும் பையன்களை முன்பணத்துக்கு விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருப்பதால் எந்த ஊர்ப் பதிவேட்டிலும் வர மாட்டார்கள். உங்கள் வயலில் கிடை போட்டிருந்தால் மேய்க்கிற பையன் யார் என்று கேட்பது உங்கள் வேலைதான்.

இனி வீட்டுக்குப் போகும் விஷயம். இங்கேதான் பலர் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். ஜீப்பில் நாலு பேராகப் போய் வாசலில் நின்று "புள்ளைய ஏன் வேலைக்கு அனுப்பினீங்க?" என்று கேட்டால் கதவு சாத்தப்படும். பெண் உறுப்பினரும் அங்கன்வாடிப் பணியாளரும் மட்டும் போனால் போதும். உட்கார்ந்து பேசுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

"அக்கா, பாப்பா கடைசியா எப்பப் பேசுச்சு?"

"போன வாரம் பேசுச்சு, தலைவரம்மா."

"அது நம்பர்ல இருந்தா, வேற நம்பர்ல இருந்தா?"

"சூப்பர்வைசர் நம்பர். அவங்கதான் போட்டுக் குடுப்பாங்க."

"பொங்கலுக்கு வருதா?"

"கணக்கு முடியாம விட மாட்டாங்களாம்."

இதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியதில்லை. சொந்தமாகப் பேச முடியவில்லை, நினைத்தபோது வர முடியவில்லை, முன்பணக் கணக்கு ஓடுகிறது. கொத்தடிமைத்தனத்தின் அடையாளங்கள் மூன்றும் அந்தத் தாயின் பதிலிலேயே இருக்கின்றன. அப்போது ஒன்றை மட்டும் அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: கொத்தடிமை என்று உறுதியானால் அந்த முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. பல பெற்றோர் வாய் திறக்காததற்குக் காரணம் பிள்ளை மீது பாசம் இல்லாததல்ல, அந்தக் கடன்.

சந்தேகம் வலுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். நாட்டில் எங்கிருந்தும், எந்நேரமும், இலவசம். முன்பு தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்த சேவை, இப்போது அரசே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக நடத்துகிறது. தொலைபேசியோடு நிறுத்தாமல், அன்றே அந்த அலகின் அலுவலருக்குக் கடிதம் எழுதி நகலில் ஒப்புகை வாங்குங்கள். கொத்தடிமைச் சந்தேகம் இருந்தால் கோட்டாட்சியருக்கும் ஒரு கடிதம். விசாரித்து விடுதலைச் சான்று தருவது அவர். சான்று இல்லாமல் கூட்டி வந்தால் மறுவாழ்வுத் தொகையும் வராது, கடன்காரரும் வாசலுக்கு வந்துவிடுவார்.

மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் (இது மாவட்ட அளவில் இருப்பது, நம் ஊர்க் குழு அல்ல) முன் நிறுத்த வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பயண நேரம் அதில் சேராது. குழந்தை எங்கே தங்குவது என்பதை அந்தக் குழு முடிவு செய்யும், ஊராட்சியல்ல. உறவினர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நாமே தீர்மானித்துவிடக் கூடாது.

பிள்ளையைக் காணவில்லை என்றால் உடனே காவல் நிலையம். "ரெண்டு நாள் பாருங்க, வந்துடும்" என்று ஒரு காவல் நிலையத்தில் எங்களிடமும் சொன்னார்கள். காணாமல் போன ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் தகவல் அறிக்கை போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் மனு கொடுத்தோம், பதிவு செய்தார்கள். வாயால் சொன்னதற்கும் காகிதத்தில் கொடுத்ததற்கும் அவ்வளவு வித்தியாசம்.

பாலியல் குற்றம் என்றால் ஊர்க்கூட்டம் கிடையாது. சமரசம் கிடையாது. அபராதம் கட்டி முடித்துக்கொள்வதும், அவனுக்கே கட்டி வைப்பதும் கிடையாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாதவருக்கே ஆறு மாதம் வரை சிறை. பெரிய மனிதர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து "பொண்ணு பேரு கெட்டுடும்" என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே புகார் போயிருக்க வேண்டும். பெண்ணிடம் நடந்ததைத் துருவிக் கேட்பதும் வேண்டாம். வாக்குமூலத்தைக் கூடுமான வரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல், குழந்தை இருக்கும் இடத்துக்கே வந்து வாங்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறுங்கள்.

பெயர் வெளியே போகக் கூடாது. மீட்ட பிள்ளையோடு நின்று படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிற பழக்கம் எனக்குப் பதற்றத்தைத் தருகிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் அது குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கிராம சபையில் பேச வேண்டியவை எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை, எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எந்த மனு எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்பவை மட்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை, ஆறிலும் இது பொருளாக இருக்கட்டும். தீர்மானத்தில் "குழந்தைகள் பாதுகாப்பு குறித்து விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

பிள்ளை வீடு திரும்பிய பிறகுதான் நீண்ட வேலை. அதே கடன், அதே வீடு என்றால் ஆறே மாதத்தில் மறுபடி கிளம்பிவிடும். அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்று பட்டியல் போடுங்கள். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வரும். கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவரை இழந்தவர், கடும் நோயாளி ஆகியோரின் குழந்தைகளுக்கு இது பொருந்தும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசின் 'அன்புக்கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். இவற்றுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, வருமானச் சான்றுக்கு அலைவது எல்லாம் குழு செய்ய வேண்டியவை. பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒரு வாரம் கூடத் தங்காது.

பதிவேட்டில் திரும்பி வந்த பிள்ளையின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் குறியிட்டு, ஒரு வருடத்துக்கு 'நேரில் பார்த்த தேதி' கட்டத்தை மாதந்தோறும் இல்லாமல் வாரந்தோறும் நிரப்பச் சொல்லுங்கள். நிரப்ப வேண்டியவர் பெயரையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.