தை முதலாம் திகதியும் இருபத்தொரு நாளும்

வன்னியில் புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கத் தைப்பொங்கலைப் போல மோசமான நாள் வேறில்லை. காலபோக நெல் முற்றி நிற்கிற நேரம். வெட்டு மெசினுக்கு அலைவது, நெல்லைக் காயப் பரவுவது, மழை இருட்டினால் படங்கை இழுத்து மூடுவது என்று வீடே வயலோடு போய்விடும். அந்தக் கிழமையில் போய் "இனித் தினமும் ஒரு மணித்தியாலம் நடை" என்று சபதம் எடுத்தால் எத்தனை நாள் தாங்கும்? நான் ஐந்து நாள் தாங்கினேன். சப்பாத்து இன்னும் புதுசாகத்தான் கிடக்கிறது.

நாள் பார்த்தது ஒரு பிழை. அதைவிடப் பெரிய பிழை, ஒரு மணித்தியாலம் என்று வாய்விட்டது.

பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் அரை மணித்தியாலம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். யூடியூப்பில் யாரோ சொன்னதைக் கேட்டு விடிய நாலரைக்கு எழும்பியும் பார்த்தார். அவர் இருப்பது காட்டுக்கரைக் கிராமம். "யானை நிக்கிற ரோட்டிலை என்னெண்டு மோனை நடக்கிறது?" என்று இரண்டாம் நாளே விட்டுவிட்டார். நியாயம்தானே.

பிறகு மணிக்கூட்டை மறந்துவிட்டு, நடையைத் தேத்தண்ணியோடு முடிச்சுப் போட்டோம். காலையில் குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பைப் போட வேண்டும், படலைவரை போய் வர வேண்டும். அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட இல்லை, அவருக்கே சிரிப்பு. மூன்றாம் கிழமை படலையில் திரும்ப மனமில்லாமல் ஒழுங்கை முடக்குவரை போனார். இப்போது வைரவர் கோயிலடிவரை. கோப்பை கவிழ்கிற சத்தம் கேட்டால் வீட்டு நாயும் எழும்பி நிற்கும். வயல் வேலைக்கு ஏற்ப நேரம் முன்பின்னாகும். தேத்தண்ணி ஒருநாளும் தவறாது. ஒரே வேலைக்குப் பின் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால், முதலாவது முடிந்ததும் மற்றதற்குக் கால் தானாக எழும்பும்.

"21 நாள் செய்தால் பழகிவிடும்" என்பதை நம்பி ஏமாந்தவர்கள் கனபேர். மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை மருத்துவர், மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் அளவில் பிடிக்கிறது என்று 1960இல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கோ விழுந்துவிட்டது. முகத்துக்குச் சொன்னதை நாங்கள் நடைக்கும் சேமிப்புக்கும் எடுத்துக்கொண்டோம். லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரை 84 நாள் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாகப் படிய எடுத்த காலத்தின் நடுக்கணக்கு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை; 84ஐத் தாண்டியவை, கவனித்த நாட்களின் போக்கை வைத்துக் கணித்தவை. தண்ணீர் குடிப்பது போன்றவை கெதியாய்ப் படியும், உடற்பயிற்சிக்கு இன்னும் காலம் எடுக்கும். 22ஆம் நாள் "எனக்கு இது சரிவராது" என்று விடுகிறவர் பாதி வழியில் இறங்குகிறார்.

ஒருநாள் தவறினால் பெரிய சேதமில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. எங்கள் ஆட்களோ "பிசகிப்போச்சு, அடுத்த வெள்ளியிலிருந்து பாப்பம்" என்பார்கள். அந்த வெள்ளி பெரும்பாலும் அடுத்த தையில்தான் வரும்.

போன மாரியில் மூன்று நாள் விடாமழை, முற்றம் முழுக்க வெள்ளம். பெரியம்மா கோப்பையைக் கவிழ்த்தார், செருப்பைப் போட்டார், விறாந்தையில் நாலு தரம் மேலும் கீழும் நடந்துவிட்டு இருந்துவிட்டார். நாய்தான் படலையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு நின்றது.