ட்ரெமலோ கிட்டாரில் ஸ்பிரிங் ஓசை: அதை அடக்கும்போது நேரும் தவறுகள்

பாட்டின் நடுவே எல்லா வாத்தியங்களும் ஒரே அடியில் நிற்க வேண்டிய இடத்தில், கிட்டார் வாசிப்பவர் தந்திகளை உள்ளங்கையால் அமர்த்திய பிறகும், ஆம்ப்பிலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் ஓரிரு நொடி நீடிப்பதுண்டு. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தேவாலயப் பாடல் குழுக்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் வாசிக்கும் தம்பிகள் பழுது பார்க்க என்னிடம் கொண்டுவரும் கிட்டார்களில் நான் அடிக்கடி கேட்கும் குறை இது. இதைச் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் அவசரத்தில் செய்த வைத்தியத்தால் கிட்டாரின் சுருதி கெட்டுப்போய் வருபவை பல.

ஃபெண்டர் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டரும் அதன் வழியில் வந்த கிட்டார்களும் தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே ஒரு கனத்த உலோகக் கட்டையைக் கொண்டவை. வாம்மி பார் என்னும் கம்பியை அழுத்திப் பிரிட்ஜைச் சாய்த்துச் சுருதியை அசைக்கும் அமைப்புதான் ட்ரெமலோ. உடலின் பின்பக்கக் குழிக்குள், அந்தக் கட்டைக்கும் மரத்தில் திருகப்பட்ட நகவடிவத் தகட்டுக்கும் இடையே மூன்று முதல் ஐந்து ஸ்பிரிங்குகள் இழுபட்டு நிற்கின்றன. 10–46 அளவுள்ள ஆறு தந்திகளை வழக்கமான சுருதியில் கட்டினால் அவை ஏறத்தாழ 47 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் பிரிட்ஜை முன்னால் இழுக்கும். அந்த இழுப்பை எதிர்த்துப் பிரிட்ஜைச் சமநிலையில் நிறுத்துவது இந்த ஸ்பிரிங்குகள்தாம். தந்தியை மீட்டும்போது அதிர்வு பிரிட்ஜ் வழியாக ஸ்பிரிங்குகளுக்கும் இறங்குகிறது. தந்தியைக் கையால் அமர்த்தலாம். பின்னால் மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை யாரும் அமர்த்துவதில்லை, ஆகவே அது தொடர்ந்து ஒலித்து, அந்த அதிர்வை வந்த வழியே பிரிட்ஜுக்கும் தந்திகளுக்கும் திருப்பி அனுப்புகிறது. ஃபெண்டர் 1963இல் வைப்ரோவெர்ப் ஆம்ப்பில் சேர்த்த ஸ்பிரிங் ரிவெர்ப் என்னும் எதிரொலி அமைப்பு, இழுபட்ட ஸ்பிரிங்கின் இதே இயல்பை வேண்டுமென்றே பயன்படுத்தியதுதான். அங்கே அழகாக இருப்பது இங்கே தொல்லையாகிறது.

முதல் தவறு, ஓசை எங்கிருந்து வருகிறது என்று உறுதிசெய்யாமல் பின்மூடியைக் கழற்றுவது. கழுத்தின் மேல்முனையில் தந்திகள் அமரும் நட்டுக்கும், தந்தியை முறுக்கும் பிருடைக்கும் இடையிலுள்ள சிறு தந்தித் துண்டுகளும் இதே போன்ற ரீங்காரத்தை எழுப்பும். பிரிட்ஜில் தந்தி அமரும் சேடிலின் உயரத்தை மாற்றும் சிறு திருகுகள் தளர்ந்திருந்தாலும், தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பைத் தாங்கும் திருகைச் சுற்றியுள்ள குட்டி ஸ்பிரிங் ஆடினாலும், பின்மூடியே சரியாகப் பொருந்தாமல் இருந்தாலும் கேட்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே மின்விசிறியை நிறுத்திவிட்டு, நெடுஞ்சாலை லாரிச் சத்தம் எட்டாத அறையில், ஆம்ப்பில் இணைக்காமல், ஒரு கார்டை (பல சுரங்களின் கூட்டு) வேகமாக அடித்து உடனே அமர்த்திக் கேளுங்கள். பிறகு நட்டுக்கு மேலுள்ள தந்திகளை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு அதையே செய்யுங்கள். ஓசை மறைந்தால், அந்த இடத்தில் ஒரு துணித்துண்டைக் கோத்துவிட்டால் போதும். மறையவில்லை என்றால் பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகள் மீது விரல்களை மெல்ல வைத்துக்கொண்டு மீண்டும் அடியுங்கள். இப்போது மறைந்தால்தான் குற்றம் ஸ்பிரிங்கினுடையது. ஐந்து நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்பிரிங்குகளையெல்லாம் கழற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கிட்டாரில் ஓசை நட்டுக்கு மேலிருந்து வந்துகொண்டிருந்தது.

வாம்மி பாரை அழுத்தும்போது மட்டும் கிறீச்சென்று கேட்பது வேறு வகை ஓசை. அது அதிர்வால் வருவதில்லை. ஸ்பிரிங்கின் கொக்கி தகட்டிலோ கட்டைத் துளையிலோ உராய்வதால் வருகிறது. கொக்கி தொடும் இடத்தில் குண்டூசி முனையளவு வாசலின் தடவினால் அது அடங்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் ரீங்காரத்துக்கும் எண்ணெய் விடுகிறார்கள். எண்ணெய்ப் படலம் ஸ்பிரிங்கின் அதிர்வைக் குறைக்காது. அது வழிந்து மரத்தில் ஊறி, புழுதியைச் சேர்த்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் கெடுதலானது, குழியை அடைத்துவிடுவது. ஸ்பிரிங் அதிரக் கூடாது, ஆனால் நீள்வதற்கும் சுருங்குவதற்கும் தடை இருக்கக் கூடாது. பழைய துணியையோ கெட்டியான ரப்பரையோ திணித்து மூடியைத் திருகினால், ஓசையோடு ட்ரெமலோவின் ஆட்டமும் தடைபடும். பாரை அழுத்திவிட்ட பிறகு பிரிட்ஜ் பழைய இடத்துக்கு முழுமையாகத் திரும்பாது, சுருதி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விலகி நிற்கும். வேண்டியது அரை சென்டிமீட்டர் தடிமனுள்ள மென்மையான ஸ்பாஞ்சுப் பட்டை ஒன்றே. அதை ஸ்பிரிங்குகளுக்கு அடியில் குறுக்காக, அவற்றின் நடுப்பகுதிக்கும் தகட்டுக்கும் இடையே வையுங்கள். கட்டைப் பக்கத்தில் ஸ்பிரிங்கின் அசைவு மிகுதி, தகட்டுப் பக்கத்தில் குறைவு என்பதால் இந்த இடம் பொருத்தமானது. எல்லா ஸ்பிரிங்கையும் பட்டை தொட வேண்டும். எதையும் தூக்கி வளைக்கக் கூடாது.

எந்தப் பொருளை வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஓராண்டுக்கு முன், மின்வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பால் மூன்று ஸ்பிரிங்குகளையும் ஒன்றாகக் கட்டிய ஒரு கிட்டார் என் கைக்கு வந்தது. சித்திரை வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி, குழி முழுவதும் பிசுபிசுத்திருந்தது. அதைத் துடைத்து எடுக்கவே ஒரு மாலைப்பொழுது ஆனது. நம் ஊர் வெக்கையில் மலிவான மஞ்சள் ஸ்பாஞ்சும் சில ஆண்டுகளில் பொடியாக உதிரும். ஆண்டுக்கு ஒருமுறை தந்தி மாற்றும்போது அதையும் பார்த்து மாற்றிவிடுங்கள்.

சூடாக்கினால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயான ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் எலக்ட்ரிக்கல் கடைகளில் எளிதாகக் கிடைப்பதால் அதைப் பலர் விரும்புகிறார்கள். அது நல்ல வழிதான், இரண்டு எச்சரிக்கைகளோடு. கழற்றி வைத்த ஸ்பிரிங்கின் முழு நீளத்துக்கும் ட்யூபை இறுக்கமாகச் சுருக்கிவிட்டால், மாட்டும்போது ஸ்பிரிங் நீள முயல்வதை அந்த உறை எதிர்க்கும்; நடுவில் ஒரு சிறு பகுதிக்குத் தளர்வாக அணிவித்தால் போதும். இரண்டாவது, கொக்கி முனைகளை ஒருபோதும் மூடாதீர்கள். தந்திகளின் எர்த் இணைப்பு, தகட்டில் பற்றவைத்த ஒரு வயரிலிருந்து ஸ்பிரிங்குகள் வழியாகத்தான் கட்டைக்கும் பிரிட்ஜுக்கும் செல்கிறது. எல்லாக் கொக்கிகளையும் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டால் அந்த இணைப்பு அறுந்து, ரீங்காரம் போன இடத்தில் ஆம்ப்பில் மின் இரைச்சல் வந்து உட்காரும்.

ஐந்து ஸ்பிரிங்கில் இரண்டை எடுத்துவிட்டால் ஓசையும் அந்த அளவுக்குக் குறையும் என்று எண்ணுவதும் பிழை. தந்திகளின் இழுப்பு மாறாததால் மீதி மூன்றும் இன்னும் நீண்டு, வேறொரு சுரத்தில் ஒலிக்கும். பிரிட்ஜ் மேலெழும், தகட்டின் திருகுகளை இறுக்கி எல்லாவற்றையும் மறுபடி சமன் செய்ய வேண்டியிருக்கும். பாரின் அழுத்தம் உங்கள் கைக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காக எடுங்கள், ஓசைக்காக எடுக்க வேண்டாம்.

டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) இல்லாமல் மெலடி மட்டும் வாசிப்பவருக்கு நான் பெரும்பாலும் எதையும் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறேன், ஏனெனில் ஸ்ட்ராடோகாஸ்டரின் காற்றோட்டமான நாதத்தில் அந்த ஸ்பிரிங்குகளுக்கும் பங்கு உண்டு. ரீங்காரம் உறுத்துவது, டிஸ்டார்ஷனைக் கூட்டிவைத்து, வெட்டி வெட்டி நிறுத்தி வாசிக்கும்போதுதான்.

பட்டையை வைத்த பின், மூடியைத் திருகுவதற்கு முன்பே ட்யூனரை இணைத்து ஆறு தந்திகளையும் சுருதி சேருங்கள். பாரை முழுவதும் அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு தந்தியையும் மீண்டும் பாருங்கள். வைப்பதற்கு முன் இருந்ததைவிட முள் கூடுதலாக விலகினால் பட்டை தடிமனாக இருக்கிறது. பிளேடால் ஒரு சீவு சீவி, திரும்ப வைத்துப் பாருங்கள்.