அந்நியக் கையை எதிரணியில் மட்டும் தேடாதீர்கள்

நம் நாட்டு அரசியலில் வெளியார் சமூக ஊடகம் வழியாகக் குழப்பம் செய்கிறார்கள் என்றதும், அது எதிரணியில்தான் நடக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். தவறுகளிலேயே பெரியது இதுதான்.

2016 மே மாதம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால் இரண்டு கூட்டங்கள் எதிரெதிராக நின்று முழக்கமிட்டன. ஒரு கூட்டத்தைத் திரட்டியது ‘ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்’ என்ற ஃபேஸ்புக் பக்கம். மற்றதைத் திரட்டியது ‘யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா’. இரண்டு பக்கங்களையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இயங்கிய ‘இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி’ என்ற ஒரே நிறுவனம். விளம்பரச் செலவு சுமார் 200 டாலர்தான் என்று 2017இல் நடந்த செனட் விசாரணையில் சொன்னார்கள். தெருவில் நின்றவர்கள் உண்மையான மனிதர்கள், அவர்களுடைய கோபமும் உண்மை. தாங்கள் நம்பிய ஃபேஸ்புக் பக்கம் தங்களுடையது அல்ல என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே, நீங்கள் ஆமோதிக்கும் பதிவையே முதலில் சோதியுங்கள். அந்தப் பக்கம் எப்போது தொடங்கியது, பெயரை மாற்றியிருக்கிறதா, நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஃபேஸ்புக்கில் பல பக்கங்களுக்கு இந்த விவரங்கள் வெளிப்படையாகவே கிடைக்கும்.

செய்தி பொய்யா என்று மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைவதும் போதாது. அதே நிறுவனம் நடத்திய ‘பிளாக்டிவிஸ்ட்’ என்ற பக்கம், கறுப்பின மக்கள் மீதான காவல்துறை வன்முறையைப் பற்றி எழுதியது. அந்த வன்முறை கற்பனை அல்ல. உண்மையான காயத்தைத்தான் அவர்கள் கிளறினார்கள். உண்மை சரிபார்ப்பு இந்த இடத்தில் உதவாது. யார் சொல்கிறார், ஏன் இப்போது சொல்கிறார் என்ற கேள்விதான் உதவும்.

எல்லாப் பழியையும் ‘பாட்’ கணக்குகள், அதாவது மென்பொருளால் தானாக இயங்கும் கணக்குகள் மேல் போடாதீர்கள். 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, ட்விட்டரில் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்று கண்டது. தானியங்கிக் கணக்குகள் இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் பரப்பின. வித்தியாசம் மனிதர்களால் வந்தது. மறுப்பதற்காகப் பகிர்ந்தாலும் பரவல்தான், சரிதானே?

வாக்குப்பதிவுக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் கூடுதல் கவனம் தேவை. 2023இல் ஸ்லோவாக்கியாவில் பிரசாரம் ஓய்ந்திருந்த வேளையில், கட்சித் தலைவர் ஒருவர் தேர்தலில் முறைகேடு செய்யப் பேசுவதுபோல் ஒரு போலி ஒலிப்பதிவு பரவியது. மறுத்துப் பேச நேரமே இல்லாத தருணம் அது. அந்த நாட்களில் முதன்முறையாகக் காதில் விழும் ‘ரகசிய ஆடியோ’வை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அப்புறம், இதற்கு நேர்மாறான தவறு ஒன்று உண்டு. பிடிக்காத கருத்தைச் சொல்பவரையெல்லாம் அந்நிய ஏஜென்ட் என்பது. 2024 ஜனவரியில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனின் குரலைப் போலியாக உருவாக்கி, அந்நாட்டின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வாக்காளர்களை வாக்களிக்க வேண்டாம் என்று தொலைபேசியில் தடுக்கப் பார்த்ததன் பின்னால் இருந்தவர் உள்நாட்டு அரசியல் ஆலோசகர்தான். எதிர்ப்பாளர்களின் வாயை அடைக்க அரசுகளுக்கும் இந்த முத்திரை வசதியாகிவிடுகிறது. அதனால் குற்றச்சாட்டு எழுந்தால் ஆதாரத்தைக் கேளுங்கள்: பணம் எங்கிருந்து வந்தது, பல கணக்குகளுக்குப் பின்னால் ஒரே ஆள் இருக்கிறாரா, ஒரே வாசகம் ஒரே நேரத்தில் வெளியானதா?